பாருக்கார அக்கா

புரட்டிய கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போக அந்த அம்மாவால் முடியாது. அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றி நடந்தவைதான்.

கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கடலோர ஊர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு வருஷமாகக் கண்மாய் நிறையவில்லை. நிலத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாமல், அந்தக் கடலோர ஊரில் இருந்த சுண்ணாம்புக் காளவாசலுக்கு மேஸ்திரியாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. அதுவரை கடலை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் ராமேஸ்வரத்தில் காலை நனைத்துக்கொண்டு திரும்பியதோடு சரி.

கடலுக்குள் கிடக்கும் பவளப்பாறைத் திட்டை அந்தப் பக்கத்தில் பாரு என்பார்கள். அதிலிருந்து வருகிற கல்லுக்கு முருகைக்கல் என்று பேர். அதைச் சுட்டால் சுண்ணாம்பு. ஊருக்கு எதிரே, கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால், கரைக்கு இணையாக நீளமாக ஒரு பாரு கிடந்தது. கடல் வற்றுகிற நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவரலாமென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பாருமேல் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து நண்டும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் உருட்டினேன். அடியிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக ஏதேதோ நெளிந்து ஓடின. பயந்து நகர்ந்துவிட்டேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இடுப்பில் ஓலைப்பெட்டியோடு குந்தி உட்கார்ந்து, நான் உருட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா கெடந்த கல்லுதானே அக்கா?" என்றேன்.

"சும்மா கெடக்குற கல்லு இங்கன ஒண்ணுகூட இல்ல தம்பி. அடியில குடியிருக்கிறதுக்கு வெயிலு ஆகாது. மேல மொளைச்சிருக்கிற பாசிக்கு இருட்டு ஆகாது. நீங்க காலால ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிருவீக. ரெண்டு பக்கமும் செத்துப்போகும்."

கோபமாகச் சொல்லவில்லை. வாசல் கதவைத் திறந்துபோட்டு வந்தவனிடம் சொல்வது மாதிரி சொன்னார். அன்றைக்கே அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

அவர் பேர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அந்தப் பேரால் அவரைக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் பாருக்காரி, சின்னவர்களுக்குப் பாருக்கார அக்கா. வீட்டுக்காரர் கொழும்புக்குப் போனவர், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவாராம். நான் இருந்த நாளில் வரவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. பேச்செல்லாம் பாரைப் பற்றித்தான். இன்றைக்கு எது எங்கே முட்டை வைத்திருக்கிறது, எந்தப் பொந்தில் புதிதாகக் கலவாமீன் குடியேறியிருக்கிறது, எந்தச் சங்கு ஓட்டை எந்த நண்டு காலிசெய்துவிட்டுப் போனது. மற்ற பெண்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் தெருவில் நடந்ததைப் பேசிக்கொள்வார்களே, அதே குரலில்.

வலது கை ஆள்காட்டி விரலில் நுனி இருக்காது. அஞ்சாளை கடித்தது. பாம்பு மாதிரி நீளமாக, பாறைப் பொந்துக்குள் கிடக்கிற மீன் அது. ஒருநாள் அந்த விரலைப் பற்றிக் கேட்டேன்.

"தப்பு எம்மேலதான். உள்ள யாரு இருக்கான்னு பாக்காம கைய விட்டேன்" என்றார்.

"அதுக்கப்புறம் அந்தப் பொந்துப் பக்கம் போகலையாக்கா?"

"போகாம? அது அங்கனதான் இருக்கு. தாண்டிப் போறப்பப் பாத்துட்டுத்தான் போவேன்."

இன்னொரு நாள் மத்தியானம், நெற்றி வியர்க்க நண்டுப்பெட்டியோடு காளவாசல் வரை வந்துவிட்டவர், பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுத் திடீரென்று திரும்பிக் கடலுக்கே நடந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போகும்போது முழங்கால், வரும்போது நெஞ்சு. நனைந்த சேலையோடு திரும்பி வந்தவரிடம், என்ன விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் விட்டுட்டு வரல. கிழக்குக் கோடியில ஒரு கல்லைக் கவுத்தாம வந்துட்டேன்."

காளவாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஊரில் அப்போது ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஓலைக்கொட்டகைதான். எங்கள் காளவாசல் முதலாளி, அந்தக் கட்டடத்துக்கு வேண்டிய சுண்ணாம்பு முழுவதையும் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் காரைவீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சுண்ணாம்பு கேட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. அதுவரை நாங்கள் சுட்டது அலை அடித்து ஒதுக்கிய செத்த கல்லைத்தான். அக்காவும் மற்றப் பெண்களும் பொறுக்கிக் கொடுப்பார்கள், வள்ளத்தில் ஏற்றி வருவோம். அது போதவில்லை. பாரின் வெளிப்பக்கத்தில், அலை வந்து மோதி உடைகிற வரிசை இருந்தது. அங்கே ஆளுயரத்துக்குக் கல் திரண்டு நின்றது. அதைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்று முதலாளி சொன்னார்.

இதை அக்காவிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வந்தார். அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, பள்ளிக்கூட ஜன்னலுக்கு வந்ததில் உடைந்துபோன ஒரு கண்ணாடித் துண்டைத் தாரால் ஒட்டியிருந்தார்.

"எனக்கு இது தேவையில்ல. நீங்கதான் தலைய முக்க மாட்டீகளே, அதுக்காக" என்றார்.

காற்றில்லாத காலை. வள்ளத்தில் வெளி வரிசைக்குப் போனோம். வள்ளத்துக்காரர் கீழக்கரை மரைக்காயர் ஒருவர். வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, தகரத்தைத் தண்ணீரில் அழுத்தி, உள்ளே முகத்தை வைத்தேன்.

அந்த வயது வரை கடல் என்றால் எனக்குத் தண்ணீர்தான். மேலே நீலம், கீழே இருட்டு, நடுவில் மீன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் கண்டது ஒரு காடு. மான்கொம்பு போலக் கிளைவிட்டுக் கிளைவிட்டு எழும்பி நின்ற கல். நுனியெல்லாம் வெளிறிய ஊதா. பக்கத்தில் யானைத்தலை மாதிரி உருண்டு நின்ற கல்லின் மேல் மூளை மடிப்பு போல வரிகள். முட்டைக்கோசைப் பிரித்து வைத்தது போல இதழ் இதழாக விரிந்த கல் ஒன்று. கொம்புகளுக்கு மேலே கைவிரல் அளவு நீலமீன்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. வள்ளத்தின் நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நொடியில் கிளைகளுக்குள் மறைந்தன. நிழல் விலகியதும் அத்தனையும் ஒன்றாக வெளியே வந்தன. மூச்சு விடுவது மாதிரி இருந்தது. நான் என் மூச்சை விட்டேனா என்று தெரியாது.

"இதெல்லாம் கல்லா?" என்றேன், தகரத்துக்குள்ளிருந்தே.

"கல்லுதான். ஆனா உசிரு. நெல்லு அளவுகூட இல்லாத உசிரு, ஆயிரமாயிரமா சேந்து கட்டுன வீடு. கொஞ்சம் இருட்டுனாப் போதும், பூவா விரியும். தொட்டாச் சுருங்கிரும்."

பச்சையும் சிவப்புமாக ஒரு பெரிய மீன் வந்து கல்லைக் கடித்தது. கிளிமூக்கு என்று பேர். கடித்துவிட்டுத் திரும்பி, பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி எதையோ விட்டுவிட்டுப் போனது.

"பாத்தீகளா? செத்த கல்லைக் கடிச்சு மணலா வெளிய விடுது. தெனம் நீங்க துண்டு விரிச்சுப் படுக்குறீகளே, அந்தக் கரைமணலு எங்கன இருந்து வந்துச்சுண்டு நெனச்சீக?"

மரைக்காயர் துடுப்பைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்தேன். மணலும், அதன்மேல் குடிசைகளும், பனைகளும், பாதி எழும்பிய பள்ளிக்கூடமும் தெரிந்தன. இவ்வளவும் ஒரு மீனின் வயிற்றிலிருந்தும் இந்த நெல்லளவு உயிர்களிடமிருந்தும் வந்தது என்று யோசித்தபோது தலை சுற்றியது.

அன்றைக்கு அவர் வேறொன்றையும் காட்டினார். வெளி வரிசைக்கு அந்தப் பக்கம் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி வந்தது. வரிசையில் மோதி, வெள்ளையாக நொறுங்கி, இந்தப் பக்கம் வரும்போது வெறும் சுருக்கமாக வந்தது. அந்தச் சுருக்கம்தான் நடந்து நடந்து ஊர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க ஊர்ல கண்மாய்க்கரைய வெட்டி அந்த மண்ணுல வீடு கட்டுவீகளா?"

எங்கள் ஊரில் கண்மாய்க்கரையில் ஒரு கூடை மண் எடுத்தவனை ஊர் கூடி நிற்க வைத்துக் கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"பள்ளிக்கூடம் வேணாம்னு நான் சொல்லலையே. என் மகளுந்தான் அதுல படிக்கப் போறா. செத்த கல்லுல கட்டுங்க. கொஞ்சம் மெதுவா கட்டுங்க. இந்த வரிசைய மட்டும் விட்டுருங்க."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சொன்னேன் என்று எழுதுகிறேனே தவிர, அரைகுறையாக முனகினேன் என்பதுதான் நிஜம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இம்புட்டுப் பெரிய கடல்ல ஒரு மூலையில கொஞ்சம் கல்லு எடுத்தா என்னடா ஆயிரும்?" என்றார். அந்தக் காடு என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஊரில் அய்யாவும் தம்பிகளும் என் வேலையை நம்பி இருந்தார்கள். அதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

மாசி கடைசியில் வெளியூரிலிருந்து கடப்பாரை ஆட்கள் வந்தார்கள். மூன்று மாதம் உடைத்தார்கள். ஊருக்கு நேர் எதிரே, வெளி வரிசையில், இரண்டு வள்ளம் அருகருகே போகிற அளவுக்கு ஒரு வாய் திறந்தது. பிறகு நான்கு வள்ளம் போகிற அளவுக்கு. கரையேறிய கல் முதலில் பழுப்பாக இருக்கும், வழவழவென்று கோழை வடியும். இரண்டு நாள் வெயிலில் நாறும். அப்புறம் வெளுத்துவிடும். பார்க்க அழகான வெள்ளை. அது சாவின் நிறம் என்று காளவாசலில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அக்கா கல் பொறுக்கும் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் தினமும் பாருக்கு வந்தார். உடைப்பவர்களுக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சிதறி விழுந்த உயிருள்ள துண்டுகளைப் பெட்டியில், ஈரம் காயாமல், பொறுக்கிக்கொண்டு போவார். கடப்பாரைக்காரன் ஒருவன், "ஏத்தா, பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வள்ளத்தில் நின்றிருந்த என்னை மட்டும் ஒருதரம் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வைகாசி முடிவில் கச்சான் கிளம்பியது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. வருஷா வருஷம் வருவதுதான். அந்த ஊர்க்காரர்கள் அதற்காகப் பயந்ததே கிடையாது. கடல் அந்தப் பக்கம் எவ்வளவு கொந்தளித்தாலும் பாருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் குளிக்கும். அந்த வருஷம் அலை நேராக உள்ளே வந்தது. திறந்த வாய் வழியாக வந்து, கரையில் ஓங்கி அடித்தது. முதல் பத்து நாளில் துண்டு விரித்துப் படுத்த மணல் காணாமல் போனது. ஆனி பாதியில் கரையோரப் பனைகள் வேரோடு சாய்ந்தன. மணலில் தோண்டிய ஊற்றில்தான் ஊரே குடிதண்ணீர் எடுத்தது. அது உப்புக் கரித்தது. பெண்கள் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். கரையோரம் நிறைந்திருந்த குஞ்சுமீனும் நண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. கரைவலை இழுத்தவர்கள் சேற்றையும் உடைந்த கல்லையும் இழுத்துப் போட்டார்கள்.

ஆடியில் ஒரு பகல். அலை ஏறி அக்காவின் குடிசையை எடுத்துக்கொண்டு போனது. நானும் நான்கைந்து பேரும் ஓடிப்போய்ப் பெட்டியையும் பாயையும் பாத்திரத்தையும் இழுத்து வெளியே போட்டோம். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே காளவாசலின் முகப்புச் சுவர் தண்ணீரில் இடிந்து, தணல் புகைந்து அணைந்தது. புதுப் பள்ளிக்கூடத்தின் கடல் பார்த்த சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்வாரென்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவேயில்லை.

ஐப்பசியில் கடல் அடங்கியது. காளவாசலை வேறு ஊருக்கு மாற்றுவதாக முதலாளி முடிவுசெய்துவிட்டார். சுடாமல் குவிந்து கிடந்த கல் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போக வண்டிகள் மூன்று நாளில் வரும் என்று ஆள் சொல்லிவிட்டிருந்தார். குவியல் இரண்டு வைக்கோல்போர் உயரம். நான் அதற்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்தார்.

"தம்பி, இந்தக் கல்லு எங்கன இருந்து வந்துச்சோ அங்கனயே போட்டுரலாமா?"

குவியலைத் திரும்பிப் பார்த்தேன்.

"மொதலாளி கல்லு அக்கா இது."

"பாரோட கல்லு. வெலகுனதைத் திருப்பி வைக்கத்தானே கேக்குறேன். நான் ஒருத்தியா வச்சா என் ஆயுசுக்கும் முடியாது."

கேட்டுவிட்டு நின்றார். கெஞ்சவும் இல்லை, வாதாடவும் இல்லை. உடைக்கச் சொன்னபோது வாய்மூடி நின்றவன்தான் நான். இப்போதும் வாய்மூடித்தான் நின்றேன். ஆனால் எழுந்து, குவியலின் மேலிருந்து முதல் கல்லைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

மரைக்காயரிடம் ஓடினேன். "கொண்டு வந்தது எங்க வள்ளம்தானே, கொண்டு போறதும் எங்க வள்ளமா இருக்கட்டும். அல்லா நாடுனா நடக்கும்" என்று இரண்டு வள்ளத்தை இறக்கினார். அரை நாளில் ஊர் திரண்டது. குடிதண்ணீருக்கு நடந்து கால் தேய்ந்த பெண்கள்தான் முதலில் வந்தார்கள். அப்புறம் கரைவலைக்காரர்கள். மூன்று நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, கல்லை ஏற்றிக்கொண்டு போய் அந்த வாயில் இறக்கினோம். கொட்டினால் உருண்டு போய்விடும் என்று அக்கா ஒவ்வொன்றையும் மூழ்கி மூழ்கி, ஒன்றோடொன்று பல் கடிக்கிற மாதிரி அடுக்க வைத்தார். நல்ல நீச்சல்காரர்கள் பத்துப் பேர் அவரோடு மூழ்கினார்கள்.

மூன்றாம் நாள் அவர் என்னைப் பாரின் உள்பக்கத்தில், அலை எட்டாத ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப் போனார். இடுப்பளவுத் தண்ணீர். பள்ளம் நிறைய, வரிசை வரிசையாக, அந்த மான்கொம்புக் கல்லின் சின்னச் சின்னத் துண்டுகள். பழுப்பாக, நுனி ஊதாவாக, உயிரோடு. கடப்பாரைக்காரர்களுக்குப் பின்னால் பொறுக்கியவை.

"எதுக்குன்னு தெரியாமத்தான் கொண்டாந்து வச்சேன். செத்துப்போகக் கூடாதுண்டு மட்டும்தான் நெனச்சேன்" என்றார்.

எனக்கு அது என்னவென்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது. கடலைப் பற்றி ஒன்றும் அறியாத எனக்கு அந்த ஒன்று தெரிந்திருந்தது.

"அக்கா, இது நாத்தங்கால்!"

"அப்டின்னா?"

"நெல்லை மொதல்ல ஒரு மூலையில நெருக்கமா வளத்து, அப்புறம் பிடுங்கி வயல்ல நடுவோம்ல. அந்த மாதிரி."

அவர் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்து பார்த்தேன். துண்டுகளைப் பனைநாரால் கல்லோடு கட்டி, இடுக்கில் செருகி நடத் தொடங்கினார். முதலில் ஒன்றுக்கொன்று தொடுகிற மாதிரி நெருக்கமாக வைத்தார். வள்ளத்திலிருந்து நான் கத்தினேன்: "இம்புட்டு நெருக்கமா வச்சா ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிரும் அக்கா. சாண் விட்டு நடுங்க." அவர் தலையைத் தூக்கி, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "அப்ப எறங்கி வந்து நட்டுக் காட்டுங்க" என்றார்.

இறங்கினேன். கழுத்தளவுத் தண்ணீர். மரைக்காயர் என் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமி இருமி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலுக்குள் நாற்று நட்டேன்.

நான்காம் நாள் வண்டிகள் வந்தன. ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. முதலாளி நேரில் வந்து, காலியான மணலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்லு எங்கடா?" என்றார். கடலைக் காட்டினேன். அவர் அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் இடிந்த காளவாசலையும், விரிசல் விட்ட பள்ளிக்கூடத்தையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இனி என் கண்ணுல படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார். அன்றைக்கே மூட்டையைக் கட்டினேன். அக்கா வழிக்கு அவித்த நண்டு கொடுத்துவிட்டார். "கோவிச்சுக்காதீக தம்பி, என்னாலதானே" என்றார். உங்களால் இல்லை அக்கா என்று சொல்ல நினைத்தேன், சொல்லாமலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மதுரையில் கட்டட வேலைகளுக்குப் போனேன். கல்யாணம், பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடின. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு முந்தின வருஷம், பங்குனியில், ஏர்வாடிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் மனசு கேட்காமல் அந்த ஊருக்குப் போனேன்.

காலை ஏழு மணி இருக்கும். பௌர்ணமி கழிந்து மூன்றாவதோ நான்காவதோ நாள். கரையில் நின்று பார்த்தேன். ஊருக்கு நேர் எதிரே, அந்த வாய் இருந்த இடத்தில், அலை வெள்ளைக்கோடாக உடைந்துகொண்டிருந்தது. கோடு முழுசாக இல்லை. நடுவில் ஒரு ஓரம் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் கோடு.

அக்கா வள்ளத்தை அப்போதுதான் தள்ளிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, நலம் விசாரிக்கவில்லை. "ஏறுங்க தம்பி, வெரசா ஏறுங்க. சரியான நாளு பாத்து வந்திருக்கீக" என்றார்.

"நட்டதெல்லாம் என்னக்கா ஆச்சு?"

"பாதிக்கு மேல செத்துப்போச்சு. மொத வருசக் கச்சான்ல அடிச்சுட்டுப் போனது பாதி. மறுபடி நட்டேன். அதுலயும் பாதி. மிச்சம் பிடிச்சுக்கிருச்சு."

பாரை நெருங்கினோம். தண்ணீரின் மேல் நீளமாக, ரோஜா நிறத்தில், எண்ணெய் ஆடை படிந்தது மாதிரி ஒன்று மிதந்தது. பச்சை மீன் வாடையும் பால் வாடையும் கலந்த ஒரு வாசம். கப்பலிலிருந்து எதையோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து முகம் சுளித்தேன். அக்கா வள்ளத்தை நிறுத்திவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அதை அள்ளி என் முன்னால் நீட்டினார்.

கடுகை விடச் சின்னச் சின்ன உருண்டைகள். இளஞ்சிவப்பில். ஆயிரக்கணக்கில். ஒன்றோடொன்று ஒட்டாமல், அவர் உள்ளங்கைத் தண்ணீரில் மெதுவாகச் சுழன்றன.

"என்னக்கா இது?"

"கல்லு போட்ட முட்டை."

நான் அவரையே பார்த்தேன்.

"நெசமாத்தான். வருசத்துக்கு ஒரு தடவை. எப்படித்தான் ஒண்ணுக்கொண்ணு சொல்லி வச்சுக்கிருமோ, பாரு முழுக்க ஒரே நேரத்துல விடும். பழைய பாரு வருசா வருசம் விடுறது எனக்குத் தெரியும். இந்த எடத்துக்கு மேல இது மிதந்து பாத்தது இல்ல. இது நாம நட்டது விட்டது தம்பி. நாம நட்டது பெரிசாகி, இந்த வருசந்தான் மொதல்ல விட்டிருக்கு."

சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் அந்த ரோஜா நிறம், நீரோட்டத்தோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு உருண்டைகள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் மேலேறி வந்தன. மீன்கள் வாயைத் திறந்து திறந்து விழுங்கின. விழுங்கினாலும் தீரவில்லை. எனக்குக் கும்பிடத் தோன்றியது. எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

"இதெல்லாம் எங்கக்கா போகும்?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தண்ணீருக்குள் முக்கி, விரல்களை மெதுவாகப் பிரித்தார். ஒன்றுகூடக் கையில் ஒட்டாமல் அத்தனையும் போகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கென்ன தெரியும் தம்பி. எங்கயாச்சும் ஒரு ஊருக்கு முன்னால கல்லு இல்லாம கெடக்கும்ல, அங்க போகட்டும்."